உச்சவரம்புக்குக் கீழே

ஜூட் ராசா,

நேற்று உன்னை வழியனுப்ப வந்தவர்கள் போனபிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. பக்கத்து நகரமான விட்பியிலிருந்து வந்த பெரியப்பா சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, "இவன் இங்கிலாந்தில ரக்பி கிளப்புகளின்ர சலரி கப் பாக்கிற வேலைக்கெல்லோ போறான். சின்ன வேலையே அது?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். நீ தட்டை வைத்துவிட்டு எழுந்து மேலே போனாய். "பிள்ளைக்குக் களைப்பு" என்று யாரோ சொன்னார்கள். "ஓம், களைப்புத்தான்" என்று நானும் சொல்லிவைத்தேன். களைப்பில்லை என்று எனக்குத் தெரியும். செமியின் பெயரை இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் சொல்லி எத்தனையோ வருடமாகிவிட்டது. நீ இந்த வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாய். அதற்கு முன் அந்தப் பெயரை ஒருமுறையாவது உன்னிடம் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் நேற்றுப்போல எழுந்து போய்விடுவாய். எழுதிவைத்தால் எழுந்து போனாலும் திரும்பி வந்து வாசிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும்.

உனக்கு இங்கே ஒரு ரக்பி கிளப்பில் முதல் வேலை கிடைத்தபோது அப்பா காலமாகி அதிக நாளாகவில்லை. நீ கணக்கியல் படித்து முடித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தாய். ரொறன்ரோவில் ரக்பி லீக் என்று ஒன்று விளையாடுகிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கனடாவிலும் அமெரிக்காவிலும் சில நகரங்கள் சேர்ந்து புதிதாக ஒரு போட்டியைத் தொடங்கியிருந்தன, நம் நகரத்துக்கும் ஒரு கிளப். "பக்கத்துக்குப் பதின்மூண்டு பேர், அம்மா. ஹொக்கி மாதிரித்தான், ஆனா ஐஸும் இல்லை, தடியும் இல்லை, உடம்பு மட்டும்தான்" என்றாய். உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "சலரி கப் பாக்கிறது" என்றாய். "நேற்றுத் தொடங்கின கிளப், அதுக்குள்ள கப்பும் அடிச்சிட்டினமோ?" என்று கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்பா போனபிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினாய். "அது வெல்லுற கப் இல்லை. இது ஒரு உச்சவரம்பு. ஒரு கிளப் தன்ர ஆட்டக்காரர் எல்லாருக்கும் சேத்து வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல சம்பளம் குடுக்கேலாது எண்டு லீக் ஒரு கோடு போடும். இல்லாட்டிக் காசுள்ள கிளப் நல்ல ஆக்கள் எல்லாரையும் வாங்கிப்போடும். மற்றக் கிளப்புகள் அதோட போட்டி போடப்போய், இல்லாத காசைச் செலவழிச்சு முறிஞ்சுபோகும். கோடு இருந்தா எல்லாரும் தப்பிப் பிழைப்பினம்." இதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. விளையாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் அழித்துவிடாமல் தங்களுக்குத் தாங்களே ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள் என்பது எனக்கும் பிடித்திருந்தது. அந்தக் கோட்டுக்குக் காவல் நிற்பது என் மகன் என்று கோயிலில் நாலு பேருக்குச் சொன்னேன்.

அந்த வசந்தத்தில்தான் செமி வந்தான். பீஜியிலிருந்து வரும் ஓர் ஆட்டக்காரனுக்கு இடம் வேண்டும், நம் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ற்றைக் கொடுப்போமா, வாடகையைக் கிளப் நேரே உங்களுக்குத் தரும் என்று நீதான் கேட்டாய். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஓர் அறைக்குள் ஏழு பேராக இருந்து, பிறகு டோர்செட் பார்க்கில் இந்தச் சின்ன வீட்டை வாங்கியவர்கள் நாங்கள். ஓர் ஆளுக்கு இடம் கொடுப்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அவன் வாசலில் வந்து நின்றபோது பயந்துதான் போனேன். கதவு நிலை முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றான். படி இறங்கும்போது தலையைக் குனிந்து, தோளைத் திருப்பி, ஒருக்களித்துத்தான் இறங்கினான். நான் பழைய தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன். அவன் கூச்சத்தோடு, அடுப்படி மேசையில் நான் உரித்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கைக் காட்டினான். அவர்கள் ஊரிலும் அதுதானாம். அதை அவித்து, தேங்காய்ப்பாலில் மீனைக் காய்ச்சிச் சாப்பிடுவார்களாம். மன்னாரில் பிறந்தவளுக்கு அதற்குமேல் அறிமுகம் எதற்கு? நீ என்னை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவனும் அம்மா என்றே கூப்பிடத் தொடங்கினான்.

கிளப் எனக்குத் தந்த வாடகையும் அவனுடைய சம்பளத்தோடு சேர்ந்து அந்த உச்சவரம்புக்குள்தான் கணக்காகும் என்று ஒருநாள் நீ சொன்னாய். செமி விடவில்லை. "அம்மா போடுற சாப்பாட்டையும் சேப்பியோ, பிரதர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "சேத்தா கிளப் அண்டைக்கே கோட்டைத் தாண்டிடும்" என்று நீ சொன்னாய். மேசையில் இருந்த தண்ணீர் குலுங்கும்படி அவன் சிரித்தான். நீ தனிப்பிள்ளையாக வளர்ந்தவன். இந்த வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நான் குசினியில் நிற்பேன். அந்தக் கோடைகாலம்தான் இந்த வீட்டின் நல்ல காலம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவனுக்குக் கிடைத்த சம்பளம் பெரிதில்லை. ஒஸ்ரேலியாவிலிருந்து கொண்டுவந்த பேர்போன ஆட்டக்காரனுக்குத்தான் பெரிய பணம் போனது. அப்படிப்பட்ட ஒருவனுடைய சம்பளத்தில் ஒரு பகுதி மட்டும்தான் உச்சவரம்புக்குள் சேரும், மிச்சம் விதிவிலக்கு என்று சொன்னாய். மற்றவர்கள் மிஞ்சிய இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு இருக்க வேண்டும். செமி அதற்குக் குறைப்பட்டதில்லை. வந்ததில் தன் சாப்பாட்டுச் செலவை எடுத்துக்கொண்டு மற்றதைத் தாய்க்கு அனுப்பிவிடுவான். தாய்க்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, பீஜியின் தலைநகர் சூவாவில் ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறைக்கும் காசு கட்ட வேண்டும். வீடியோவில் அந்த அம்மாவை எனக்குக் காட்டுவான். அவர் கை நிறைய ஊசிக் காயங்களோடு எனக்குக் கைகாட்டுவார். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. நான் ஜெபமாலையைக் காட்டுவேன், அவர் தலையாட்டுவார்.

நீ இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு என்னைக் கூட்டிப்போனாய். எனக்குப் பார்க்க முடியவில்லை. ஓடிவருகிற மூன்று பேர்மேல் செமி நேரே போய் விழுவான், நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஒருமுறை கண் திறந்தபோது நீ மைதானத்தைப் பார்க்காமல் பார்வையாளர் இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நல்ல சனம்தானே?" என்று கேட்டேன். "பாதிப்பேருக்கு ஓசி ரிக்கெற், அம்மா" என்றாய். அந்தக் கிளப்பை ஒரே ஒரு முதலாளிதான் நடத்திக்கொண்டிருந்தார். கட்டடம் கட்டி விற்றுப் பணம் சேர்த்தவர். விமானச் செலவு, ஹொட்டேல், மைதான வாடகை எல்லாம் அவருடைய சட்டைப்பைதான். ஆட்டம் முடிந்து அவர் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். கெட்டவர் என்று இன்றுவரை எனக்குச் சொல்ல வரவில்லை. ஆசை இருந்த அளவுக்குப் பணம் நின்றுபிடிக்கவில்லை.

கோடை முடியும்போது சம்பளம் முதல்முறை பிந்தியது. வங்கியில் ஏதோ சிக்கல் என்றார்கள். பிறகு வந்தது. அடுத்தமுறை பாதி வந்தது. அந்த வாரம்தான் மேற்குக் கடற்கரைப் பக்கம் இருந்த, அதே லீக்கின் கிளப் ஒன்று செமியைக் கேட்டது. அவர்களுடைய ஆள் ஒருவனுக்குத் தோள் முறிந்து இடம் காலியாகியிருந்தது. சம்பளம் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஆனால் உடனே பதில் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உனக்கு அந்த மத்தியானம் மறந்திருக்காது. எனக்கும் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"பிரதர், நீதானே கணக்குப் பாக்கிறாய். சம்பளம் இனி ஒழுங்கா வருமோ, இல்லாட்டி நான் போகட்டோ?" என்று அவன் கேட்டான்.

"வரும். நேற்றும் பாத்தனான். நாங்கள் உச்சவரம்புக்குக் கீழதான் நிக்கிறம். லீக்கில இருந்தும் ஆக்கள் வந்து பாத்துட்டு எல்லாம் சரி எண்டு போனவை" என்று நீ சொன்னாய்.

"உறுதியோ?"

"ஓம்."

அவன் சாப்பாட்டு மேசையிலேயே போனை எடுத்து, தான் இங்கேயே நிற்கப்போவதாக அந்தக் கிளப்புக்குச் சொன்னான். எனக்குச் சந்தோசம். பிள்ளை போகவில்லை என்ற சந்தோசம். அவனுடைய தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

நீ பொய் சொல்லவில்லை, ராசா. இதை நான் வருடக்கணக்காக மனதுக்குள் திருப்பித்திருப்பிப் பார்த்துவிட்டேன். உன் கணக்குச் சரி. கோட்டுக்குக் கீழேதான் நின்றீர்கள். இதற்குமேல் கொடுக்கக் கூடாது என்பதை அந்தக் கோடு சொன்னது. கொடுப்பதற்குப் பணம் இருக்கிறதா என்று அது சொல்லவில்லை, அதை அதனிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆட்டக்காரரை ஏற்றி இறக்கிய பஸ் கொம்பனிக்குப் பல மாதமாகப் பணம் போகவில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஒருநாள் ஒரே வசனத்தில் அதை என்னிடம் சொன்னாய். அது வேறொருவருடைய மேசையில் கிடந்த கணக்கு. உன் மேசைக்கு வந்த கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. ஆட்டக்காரரைப் பயப்படுத்த வேண்டாம் என்று மேலே இருந்தவரும் உனக்குச் சொல்லியிருந்தார். இருபத்திமூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் வேலை. நீ நம்ப விரும்பினதை நம்பினாய். அவன் உன்னை நம்பினான்.

இலை உதிரத் தொடங்கியபோது எல்லாம் முடிந்தது. இந்த வருடத்தோடு தன்னால் முடியாது என்று முதலாளி லீக்குக்கு எழுதிவிட்டார். உடைமாற்றும் அறையில் ஆட்டக்காரர் எல்லோரையும் இருத்தி வைத்து அறிவித்தார்கள் என்றும், நீ கதவடியில் நின்றாய் என்றும், செமி வேறு ஒருவரையும் பார்க்காமல் உன்னை மட்டும் பார்த்தான் என்றும் சொன்னாய். அன்று நீ காரில் வந்தாய், அவன் தனியே பஸ்ஸில் வந்தான். அடுத்த நாளே மேற்குக் கரைக்கு அழைத்துப் பேசினான். நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது, அவனுக்கும் இடம் கொடுத்தால் தங்கள் உச்சவரம்பு தாண்டிவிடும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். எல்லோரையும் காப்பாற்றப் போட்ட கோடு அன்று அவனை வெளியே நிறுத்தி வைத்தது.

அவனுடைய விசா அந்தக் கிளப்பில் வேலை செய்ய மட்டும்தான். கிளப் இல்லையென்றால் வேறு வேலையும் செய்ய முடியாது. இரண்டு மாதச் சம்பளம் வர வேண்டியிருந்தது. தாய்க்கு அனுப்பப் பணம் இல்லை. நான் என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன், கொஞ்ச நாள் ஓடியது. நீ உன் சேமிப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு இறங்கினாய். போன வேகத்திலேயே திரும்பி வந்தாய், பணம் உன் கையில் அப்படியே இருந்தது. கீழே என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கே சூவாவில் இரத்தம் சுத்திகரிக்கும் நாட்களைக் குறைத்தார்கள், இன்னும் குறைத்தார்கள். கடைசியாக வீடியோவில் பார்த்தபோது அந்த அம்மாவின் முகம் ஊதியிருந்தது. கையை உயர்த்த முடியவில்லை, விரலை மட்டும் அசைத்தார்.

நம் கோயிலில் பங்குத்தந்தை சொல்லி, சனங்கள் பணம் சேர்த்து அவனுக்கு ரிக்கெற் எடுத்துக் கொடுத்தார்கள். விமான நிலையத்துக்கு நீதான் கார் ஓட்டினாய். உள்ளே போகுமுன் என்னைக் கட்டிப்பிடித்து, என் தலையில் முகத்தை வைத்து அழுதான். உனக்குக் கை கொடுத்தான். ஆட்டம் முடிந்தபின் எதிரணிக்காரனுக்குக் கொடுப்பது போலக் கொடுத்தான். அவன் விமானம் மாறக் காத்திருந்த இடத்தில் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் போய் இறங்கியது செத்தவீட்டுக்குத்தான்.

பணம் ஒழுங்காகப் போயிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம். மகன் வந்து முகத்தைப் பார்க்குமட்டுமாவது இருந்திருக்கலாம். அப்படி ஒன்றும் இல்லாமலும் போயிருக்கலாம். உன்னுடைய மனதைத் தேற்றுவதற்காக டொக்டர் சொல்வது போல நான் ஒன்று சொன்னால், அது நீ அன்று மேசையில் சொன்ன சொல்லைப் போல ஆகிவிடும்.

அதற்குப் பிறகு உனக்கு நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். நீ அவனுக்கு எழுதினாய், பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினாய். பிறகு எழுதுவதை விட்டுவிட்டாய். கணக்கு வேலையே வேண்டாம் என்று பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கினாய். பேஸ்மென்ற்றை வேறு ஆளுக்குக் கொடுக்க நீ விடவில்லை, நானும் கேட்கவில்லை. கலியாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போனாய். பிறகு திடீரென்று ஒருநாள் மறுபடியும் படிக்கப்போகிறேன் என்றாய். கிளப்புகள் ஏன் முறிகின்றன என்பதைப் பற்றித்தான் படித்தாய் என்று உன் மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன். இப்போது வடக்கு இங்கிலாந்தில் அந்த விளையாட்டு பிறந்த ஊர்களுக்கே போகிறாய். அங்கே பழைய கிளப்புகள், அப்பனும் மகனும் பேரனுமாக வந்து பார்க்கிற சனம், எப்போதும் இழுபறியாகவே ஓடும் கணக்குகள். நீ ஏன் அந்த வேலைக்கு விண்ணப்பித்தாய் என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு தாயாக உனக்கு நான் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். உச்சவரம்பு பிழையென்று நான் நினைக்கவில்லை. அது இல்லாவிட்டால் இன்னும் பல கிளப்புகள் முறிந்து, இன்னும் பல பிள்ளைகள் நடுவழியில் நின்றிருப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் ஒரு கிளப்பின் கணக்கு உன் மேசைக்கு வரும்போது, கோட்டுக்கு மேலே போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதே. கீழே என்ன இருக்கிறது என்று கேள். அந்தப் பணம் யாருடையது, அந்த ஆள் நாளைக்கு மனம் மாறினால் அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேள். பஸ்காரனுக்குக் கொடுத்தாகிவிட்டதா என்று கேள். கேட்டால் உன்னைத் தொந்தரவு பிடித்தவன் என்பார்கள். சொல்லட்டும். எங்கேயாவது ஓர் ஆட்டக்காரன், யாரோ ஒரு தாயின் பிள்ளை, உன்னைப் பார்த்து "சம்பளம் வருமோ?" என்று கேட்டால், தெரிந்ததை மட்டும் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அந்தச் சொல்லைக் கேட்டு ஒருவன் நல்ல முடிவு எடுக்கலாம்.

இன்னொன்று. அங்கே நீ ஒவ்வொரு நாளும் உன்னைத் தண்டித்துக்கொண்டு இருக்கப் போகிறாய் என்றால் போகாதே. சமைத்துச் சாப்பிடு. நல்ல பிள்ளை ஒன்றைக் கண்டால் என்னிடம் சொல். எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனி நீ வருவதும் போவதும்தான் எனக்கு வருடம். நான் இருக்கும்போதே நீ ஒருமுறையாவது சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. நான் செமியோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். நத்தார்ப் பண்டிகைக்கும் அவன் தாய் இறந்த நாளுக்கும் நான் அழைப்பேன், அவன் எடுப்பான். இப்போது ஒரு ஹொட்டேலில் சுற்றுலாக்காரரைப் படகில் கொண்டுபோகிற வேலை. கலியாணம் செய்துவிட்டான், ஒரு பெண்குழந்தை, தாயின் பெயரைத்தான் வைத்திருக்கிறான். முழங்கால் எப்படி என்று என்னைக் கேட்பான். குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்பான். உன்னைப் பற்றிக் கேட்கமாட்டான். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டான் என்று உனக்குச் சொல்ல எத்தனையோ முறை எனக்கு ஆசை வந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நானாகவே சொன்னேன். ஜூட் இங்கிலாந்துக்குப் போகிறான், கிளப்புகளிடம் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மறுமுனையில் காற்றின் சத்தமும், தூரத்தில் குழந்தை ஏதோ கத்திக்கொண்டு ஓடுகிற சத்தமும் கேட்டன. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "சரி, அம்மா" என்றான். தமிழில் சொன்னான். அதற்குப் பிறகு குழந்தை தண்ணீர்ப் பக்கம் போகிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது, ராசா. மன்னித்துவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். அவன் சொன்னதை மட்டும் உனக்குச் சொல்கிறேன்.

அம்மா